கையடக்கப் பல்கருவி: எது தேய்கிறது, எது உடைகிறது?

கத்தி, குறடு, திருப்புளி, கத்தரிக்கோல், அரம், டின் திறப்பான் என்று பத்துப் பதினைந்து கருவிகளை ஒரே பிடிக்குள் மடித்து வைத்திருக்கும் பல்கருவியைப் பற்றிப் பேச்சு வந்தால், "நன்றாக உழைக்கும், உடையவே உடையாது" என்று ஒருவர் சொல்வார்; "பார்க்கத்தான் அழகு, அவசரத்துக்கு ஆகாது" என்று இன்னொருவர் சொல்வார். விசாரித்துப் பார்த்தால் இருவரிடமும் இருப்பது ஒரே வகைக் கருவியாக இருக்கும். முன்னவர் அதைக் கொண்டு பொட்டலம் பிரித்திருப்பார், தளர்ந்த திருகை முடுக்கியிருப்பார். பின்னவர் அதன் குறட்டு மூக்கை மரத்தில் இறங்கிய ஆணிக்கு அடியில் கொடுத்து நெம்பியிருப்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் "உறுதி" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இருவரும் வெவ்வேறு குணங்களைப் பேசுகிறார்கள்.

அந்தக் குணங்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றும் கருவியின் எந்தப் பாகத்தில் தங்கியிருக்கிறது என்று காட்டுவதே இக்கட்டுரையின் வேலை. இதைப் படிக்கப் பொறியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குடையை விரித்தவரும், நெம்புகோலை அழுத்திப் பார்த்தவரும், கண்ணாடித் தம்ளரைக் கைதவறிப் போட்டவரும் இதற்குள் எளிதாக வந்துவிடலாம்.

## உழைப்பது வேறு, கைகொடுப்பது வேறு

பத்தாண்டுகளாக உங்களிடம் ஒரு குடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். துணி கிழியவில்லை, கம்பி துருப்பிடிக்கவில்லை. ஆனால் பொத்தானை அழுத்தினால் நான்கு முறைக்கு ஒரு முறை விரிய மறுக்கிறது. இந்தக் குடை நன்றாக உழைத்திருக்கிறது. ஆனால் மழை வரும்போது கைகொடுப்பதில்லை. இன்னொரு குடை, பொத்தானைத் தொட்டவுடன் ஒவ்வொரு முறையும் விரிகிறது. ஆனால் ஓராண்டிலேயே துணி நைந்துவிட்டது. அது உள்ளவரை கைகொடுத்தது, ஆனால் உழைக்கவில்லை.

முதல் குணத்துக்கு நீடித்துழைப்பு என்று பெயர்: எத்தனை காலம், எத்தனை முறை பயன்பட்ட பிறகும் ஒரு பொருள் வேலைக்கு உதவும் நிலையில் இருக்கிறது என்பதை அது சொல்கிறது. இரண்டாவது நம்பகத்தன்மை: குறிப்பிட்ட ஒரு வேலையை, கேட்ட நேரத்தில், தடங்கலின்றிச் செய்து முடிக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை அது சொல்கிறது. ஒன்று ஆண்டுகளைக் கணக்கிடுகிறது. மற்றது முறைகளைக் கணக்கிடுகிறது.

பல்கருவியின் விஷயத்தில் இந்த வேறுபாடு மிக முக்கியம் என்று நான் கருதுகிறேன். ஏனெனில் பல்கருவி பெரும்பாலும் சட்டைப் பையில் சும்மா கிடக்கிறது. அதன் வாழ்நாளில் தேய்மானத்துக்கான நேரத்தைவிட அடைப்புக்கும் துருவுக்குமான நேரமே அதிகம். ஆகவே பல கருவிகள் தேய்ந்துபோவதற்கு வெகு காலம் முன்பே கைவிடத் தொடங்கிவிடுகின்றன.

## மடித்த இடத்தில்தான் பலவீனம்

நீளக் குடையையும் மூன்றாக மடியும் சிறு குடையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டிலும் துணி ஒன்றே, கம்பியின் தரமும் ஒன்றே. இருந்தும் பலத்த காற்றில் முதலில் உருக்குலைவது சிறு குடைதான். அதுவும் கம்பியின் நடுவில் உடைவது அரிது. கம்பியும் கம்பியும் சந்திக்கும் மூட்டில்தான் வளைந்தோ கழன்றோ போகும். ஒரு பொருளை மடக்க வேண்டுமானால் அதில் மூட்டு வைக்க வேண்டும். மூட்டு வைத்தால் அங்கே ஓர் ஆணியும், ஆணிக்கு ஒரு துளையும், இரண்டுக்கும் நடுவே சிறிது இடைவெளியும் வந்தே தீரும்.

பல்கருவி முழுக்க முழுக்க மூட்டுகளால் ஆனது. அதன் இரண்டு பெரிய குடும்பங்களும் மூட்டை இரண்டு விதமாகக் கையாள்கின்றன. முதலாவது சுவிஸ் கத்திக் குடும்பம். சுவிட்சர்லாந்தின் இபாக் ஊரில் 1884-இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர், 1897 ஜூன் 12 அன்று, இராணுவ அதிகாரிகளுக்கென்று தாம் உருவாக்கிய கத்தியைப் பதிவு செய்தார். அவருடைய பட்டறைதான் பின்னாளில் விக்டோரினாக்ஸ் ஆயிற்று. அந்தக் கத்தியின் நுட்பம், பிடியின் முதுகில் இருக்கும் ஒரே ஸ்பிரிங் இருபுறத்துக் கருவிகளையும் தாங்குவதில் இருந்தது. இரண்டாவது குறட்டுக் குடும்பம். அமெரிக்கரான டிம் லெதர்மேன் 1975-இல் ஒரு பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, கத்தியோடு குறடும் இருந்தால் நன்றாயிருக்குமே என்று நினைத்ததில் பிறந்து, 1983-இல் விற்பனைக்கு வந்தது. இதில் குறடு நடுவில் இருக்கிறது. இரண்டு பிடிகளும் அதைச் சுற்றி மடிந்து அதை மூடிக்கொள்கின்றன.

சாதாரணக் குறட்டில் மூக்கும் பிடியும் ஒரே இரும்புத் துண்டு. மடக்குக் குறட்டில் மூக்கு வேறு, பிடி வேறு. இரண்டையும் சேர்ப்பது ஒரு சிறிய ஆணி. ஆகவே "இதன் எஃகு நல்ல எஃகா?" என்று கேட்பதற்கு முன், "இதன் ஆணி எப்படி?" என்று கேட்பதே பொருத்தமான வரிசை.

சுருக்கமாக: நீடித்துழைப்பும் நம்பகத்தன்மையும் இரண்டு தனிக் குணங்கள். பல்கருவியில் இரண்டையும் முதலில் சோதிப்பது மூட்டுகளே.

## குறட்டின் ஆணி சுமக்கும் சுமை

இந்தப் பகுதியில் சற்று நிதானமாக நிற்கலாம், ஏனெனில் பல்கருவி பற்றிய தவறான எண்ணங்களில் பாதி இங்கேதான் தெளிகிறது.

குறடு என்பது ஒரே ஆணியில் கோக்கப்பட்ட இரண்டு நெம்புகோல்கள். நெம்புகோலில், தாங்குபுள்ளியிலிருந்து கை எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, வேலை எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதோ, அந்த விகிதத்தில் விசை பெருகும். பிடியை ஆணியிலிருந்து 10 செ.மீ. தொலைவில் பிடித்து, 20 கிலோ எடைக்குச் சமமான விசையோடு அழுத்துகிறீர்கள் என்று கொள்வோம். கம்பி வெட்டும் பகுதி ஆணியிலிருந்து 1 செ.மீ. தள்ளி இருந்தால், அங்கே விசை பத்து மடங்காகி 200 கிலோவுக்குச் சமமாகிறது. மூக்கு நுனி 4 செ.மீ. தள்ளி இருந்தால் அங்கே 50 கிலோதான் கிடைக்கும்.

இப்போது ஆணியின் நிலையைப் பாருங்கள். கை தரும் 20 கிலோவையும் கம்பி எதிர்த்துத் தள்ளும் 200 கிலோவையும் சேர்த்து, 220 கிலோவுக்குச் சமமான சுமையை அது ஒவ்வொரு வெட்டிலும் தாங்குகிறது. ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லாத உருளையின் மீது இவ்வளவு சுமை இறங்குகிறது. மூக்கும் வெட்டும் பகுதியும் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. ஆனால் எந்த இடத்தையும்விட அதிகமாக உழைப்பது கண்ணுக்குத் தெரியாத அந்த ஆணிதான்.

மூக்கு நுனியில் விசை குறைவு என்று பார்த்தோம். அப்படியானால் அது ஏன் அடிக்கடி முறிகிறது? காரணம், நுனி மெல்லியது. ஒரு பட்டையின் தடிமன் பாதியாகக் குறைந்தால், வளைவைத் தாங்கும் அதன் வலிமை பாதியாகக் குறையாமல் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கூர்மூக்குக் குறட்டின் மூக்கு அடியிலிருந்து நுனிவரை மெலிந்துகொண்டே போகிறது. நேராகப் பிடித்து அழுத்தும்போது இரண்டு அலகுகளும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்கின்றன. அதனால் தொல்லை இல்லை. பிடித்த நிலையில் பக்கவாட்டில் முறுக்கும்போதோ நெம்பும்போதோ அந்தத் துணை போய்விடுகிறது. என்னிடம் முன்பு இருந்த ஒரு கருவியின் மூக்கு நுனி, இறுகிப்போன ஒரு கொக்கியைப் பக்கவாட்டில் திருப்பும்போது "டக்"கென்று போனது. முறிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உப்புக்கல்லை உடைத்தாற்போல் பொடிமணியாக மின்னியது. வளைந்து எச்சரிக்கை கொடுக்காமல் ஒரே நொடியில் விண்டுபோனதற்கான அடையாளம் அது. அந்த முறிவுக்குப் பொறுப்பு கருவியைச் சேர்ந்ததில்லை. நான் கேட்ட வேலை அந்தக் கருவிக்குரியது இல்லை.

கம்பி வெட்டும் பகுதியின் கதை வேறு. அங்கே முறிவதைவிடப் பள்ளம் விழுவதே அதிகம். செம்புக் கம்பி, கட்டுக்கம்பி ஆகியவை மென்மையானவை. வெட்டும் விளிம்பு அவற்றுக்குள் இறங்கிவிடும். ஸ்பிரிங் கம்பியோ ஏறக்குறைய விளிம்பைப் போலவே கடினமானது. அதை வெட்ட முயன்றால் கம்பிக்கும் விளிம்புக்கும் போட்டி. விளிம்பு தோற்றால் அதில் பிறைவடிவத்தில் ஒரு சிறு பள்ளம் விழுந்துவிடும். அதன்பின் மெல்லிய கம்பியை வைத்தால் அது அந்தப் பள்ளத்துக்குள் ஒதுங்கிக்கொண்டு வெட்டுப்படாமல் மடங்கும். குறடு முழுமையாக இருக்கும், ஆணி உறுதியாக இருக்கும், ஆனால் அந்த ஒரு வேலைக்கு மட்டும் கருவி இனிமேல் கைகொடுக்காது. லெதர்மேன் வேவ் பிளஸ் போன்ற சில கருவிகளில் இந்த வெட்டும் துண்டுகளை மட்டும் கழற்றி மாற்றலாம். அதிகம் கம்பி வெட்டுபவர்களுக்கு, கூடுதலாக இரண்டு அலகுகள் இருப்பதைவிட இந்த ஒரு வசதி பெரிது என்பேன்.

## கடினமும் முறிவெதிர்ப்பும் ஒன்றில்லை

"நல்ல கடினமான எஃகு" என்பதைப் புகழ்ச்சியாகவே எல்லோரும் பயன்படுத்துகிறோம். கண்ணாடித் தம்ளரையும் பிளாஸ்டிக் தம்ளரையும் நினைத்துப் பாருங்கள். கண்ணாடியின் மேல் நகத்தாலோ கரண்டியாலோ கீற முடியாது. ஆனால் கீழே விழுந்தால் சிதறிவிடும். பிளாஸ்டிக்கில் எளிதாகக் கீறல் விழும். ஆனால் எத்தனை முறை விழுந்தாலும் உருண்டு போகும். கீறலையும் அமுக்குப் பள்ளத்தையும் எதிர்க்கும் குணம் கடினத்தன்மை. அடியையும் வளைவையும் உள்வாங்கிக்கொண்டு உடையாமல் நிற்கும் குணம் முறிவெதிர்ப்பு. ஒரே எஃகில் ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் மற்றது குறையும்.

எஃகை நன்றாகப் பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் அது மிகக் கடினமாகிறது. ஆனால் அந்நிலையில் கண்ணாடியைப் போல் நொறுங்கும். பின்னர் அதை மிதமான சூட்டில் மீண்டும் வைத்து, கடினத்தைச் சிறிது விட்டுக்கொடுத்து, முறிவெதிர்ப்பை வாங்கிக்கொள்கிறார்கள். இதுதான் பதம் ஏற்றுதல். எஃகின் பெயர் என்ன என்பது பாதிச் செய்தி. எந்தப் பதத்தில் நிறுத்தினார்கள் என்பது மீதிப் பாதி.

கடினத்தன்மையை ராக்வெல் சி என்ற அளவுகோலில் குறிப்பார்கள். வைரக் கூம்பு ஒன்றைக் குறித்த சுமையோடு உலோகத்தில் அழுத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பதே அந்தச் சோதனை. எண் கூடினால் கடினம் கூடுகிறது. விக்டோரினாக்ஸ் தன் கத்திகளுக்குச் சொல்லும் எண்களைப் பாருங்கள்: வெட்டும் அலகு 56, ரம்பம், கத்தரிக்கோல், நக அரம் 53, திருப்புளி, டின் திறப்பான் 52, முதுகு ஸ்பிரிங்கும் தக்கை திருகியும் 49. ஒரே பிடிக்குள் நான்கு பதங்கள் இருக்கின்றன. கூர்மை நிலைக்க வேண்டிய அலகு கடினமாகவும், முறுக்கைத் தாங்க வேண்டிய திருப்புளி அதைவிட இளகியும், ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர வேண்டிய ஸ்பிரிங் இன்னும் இளகியும் இருக்கும்படி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள்.

ஆகவே திருப்புளியின் நுனி லேசாக மழுங்கியோ முறுகியோ போனால், மட்டமான எஃகு என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. உடைந்து கையில் குத்துவதைவிட வளைந்துகொடுப்பது நல்லது என்று அதை அப்படி அமைத்திருக்கிறார்கள். கூட்டல்குறித் திருகுக்கான திருப்புளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தட்டையாக மடங்குவதற்காகச் சில கருவிகளில் அதன் நான்கு சிறகுகளில் இரண்டை நீக்கிவிடுகிறார்கள். அந்நிலையில் நான்கு சிறகுகள் பகிர வேண்டிய முறுக்கை இரண்டே தாங்குகின்றன. திருகின் தலையிலிருந்து வழுக்கி வெளியேறுவதும் எளிது. நுனியைத் திருகின் மேல் நேராக நிறுத்தி, திருப்பும் விசையைவிட அழுத்தும் விசையைக் கூட்டினால் இந்தக் குறை பெருமளவு அடங்கும்.

சுருக்கமாக: கூர்மை நிலைப்பதற்குக் கடினம் வேண்டும், நெம்பலையும் அடியையும் தாங்க முறிவெதிர்ப்பு வேண்டும். ஒரே எண்ணை வைத்துக்கொண்டு முழுக் கருவியையும் மதிப்பிட முடியாது.

## துருப்பிடிக்காத எஃகு துருப்பிடிப்பது எதனால்?

எவர்சில்வர் கரண்டி ஆண்டுக்கணக்கில் ஈரத்தில் கிடந்தும் பளபளக்கிறது. அதே "துருப்பிடிக்காத எஃகு" என்று சொல்லப்படும் கத்தி அலகில் சில மாதங்களில் செம்புள்ளி தோன்றுகிறது. வாங்கியவர் ஏமாந்துவிட்டதாக நினைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

எஃகில் குரோமியம் குறைந்தது 10.5 விழுக்காடு இருந்தால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படிகிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் ஒரு பங்கு. கீறல் விழுந்தாலும், ஆக்சிஜன் கிடைத்தால் அந்தப் படலம் தானே மூடிக்கொள்ளும். கரண்டிக்கு வழக்கமாகப் பயன்படும் எஃகில் குரோமியம் 18 விழுக்காடும் நிக்கல் 8 விழுக்காடும் இருக்கும். கார்பன் மிகக் குறைவு. அது நன்றாகத் துருவை எதிர்க்கும், ஆனால் காய்ச்சிக் குளிர்வித்துக் கடினமாக்க முடியாது. கத்தி அலகுக்குக் கடினம் வேண்டும். கடினத்துக்குக் கார்பன் வேண்டும். அந்தக் கார்பனோ குரோமியத்தில் ஒரு பகுதியைத் தன்னோடு கட்டிக்கொள்கிறது. படலம் அமைக்கக் கிடைக்கும் குரோமியம் அந்த அளவுக்குக் குறைகிறது. ஆகவே கத்தி எஃகைத் துருவை மெதுவாக்கும் எஃகு என்று அழைப்பதே சரியாக இருக்கும்.

பல்கருவியில் இது இன்னும் கூர்மையாகிறது. வியர்வையிலும் கடல்நீரிலும் உள்ள உப்பு அந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். மடிந்த அலகுகளுக்கு நடுவிலுள்ள இடுக்கில் ஈரம் தங்கினால், அங்கே ஆக்சிஜன் குறைந்து, துளைபட்ட படலம் மீண்டும் மூட வழியில்லாமல் போகிறது. அதனால்தான் வெளியே பளபளக்கும் கருவியைத் திறந்து பார்க்கும்போது உள்ளே மூட்டருகில் செம்மண் நிறத்தில் கோடு தெரிகிறது. ஈரமான கருவியை மடித்து உறையில் போடுவதைவிட, எல்லா அலகுகளையும் விரித்துவைத்துக் காயவிடுவது மேல்.

## ஸ்பிரிங், பூட்டு, களைப்பு

ஜெம் கிளிப் ஒன்றை நிமிர்த்தி, அதே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைத்துப் பாருங்கள். ஒரு முறை வளைத்தால் ஒன்றும் ஆகாது. பத்திருபது முறை வளைத்தால் அதிக விசையில்லாமலே இரண்டாகிவிடும். ஒரே தடவையில் உடைக்கப் போதாத சுமை, திரும்பத் திரும்ப வரும்போது உள்ளே நுண்ணிய விரிசலைத் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் அதைச் சிறிது நீட்டி, கடைசியில் உடைப்பதை உலோகக் களைப்பு என்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் இரயில் அச்சுகள் காரணமின்றி முறிவதாகத் தோன்றியபோது, ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர் நெடுநாள் சோதனைகள் நடத்தி இதை விளக்கினார். சுமை போதுமான அளவு சிறியதாக இருந்தால் எஃகு மிக நீண்ட காலம் களைக்காமல் இருக்கும் என்பதும் அவருடைய சோதனைகளில் தெரிந்தது.

பல்கருவியில் களைப்புக்கு முதலில் ஆளாவது பெரிய ஸ்பிரிங் இல்லை. கத்தரிக்கோலைத் திரும்பத் திறக்க உதவும், நூல் போன்ற அந்தச் சிறு ஸ்பிரிங்தான். முதுகு ஸ்பிரிங் தடித்தது, சிறிதளவே வளைகிறது. ஆகவே நெடுங்காலம் உழைக்கும். கத்தரிக்கோல் ஸ்பிரிங்கோ மெல்லியது, ஒவ்வொரு வெட்டிலும் முழுதாக வளைகிறது. அது உடைவது பெரும்பாலும் எதிர்பார்க்கத்தக்கதே. அதை எளிதில் மாற்ற முடியுமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

பூட்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அது விரலைக் காயப்படுத்தும் எண்ணம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன். முதுகு ஸ்பிரிங் மட்டும் உள்ள கத்தி திறந்ததும் "டக்"கென்று நிற்கும். ஆனால் அது பூட்டு இல்லை. ஸ்பிரிங் அலகின் அடியைத் தட்டையான முகத்தில் அமுக்கிப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். மூடும் திசையில் ஸ்பிரிங்கை மீறி அழுத்தினால் அலகு விரல்மேல் மடங்கும். பூட்டுள்ள கருவியில், பிடியின் பக்கத் தகட்டிலிருந்து பிரிந்த ஒரு நாக்கு அலகின் அடிக்குப் பின்னால் வந்து தடுத்து நிற்கிறது; அந்த நாக்கை விரலால் ஒதுக்கினால்தான் மூடும். இங்கே உலோகத்தின் மேல் உலோகம் முட்டி நிற்கிறது. ஆனால் அந்த நாக்கின் முன்னால் ஒரு பஞ்சுப் பிசிறு அமுங்கியிருந்தால், அது முழுதாக உள்ளே வராமல் ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டியதுபோலவே இருக்கும்; அழுத்தும்போது வழுக்கிவிடும். புத்தம்புதுக் கருவியிலும் இது நேரலாம். நம்பகத்தன்மை நீடித்துழைப்பிலிருந்து எப்படி விலகி நிற்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சான்று தேவையில்லை.

## ஒரு மணற்துகள் செய்யும் வேலை

மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ். மோஸ் கடின அளவுகோலில் அது 7. பதமேற்றிய கத்தி எஃகு அதற்குக் கீழே நிற்கிறது. அதாவது சட்டைப் பையின் அடியில் சேரும் தூசியிலுள்ள பொடிமணல், கருவியின் ஆணியைவிடக் கடினமானது. எண்ணெயோடு கலந்து மூட்டுக்குள் புகுந்துவிட்டால் அது அரைக்கும் பசையாகவே செயல்படும். ஒவ்வொரு திறப்பிலும் ஆணியையும் துளையையும் கண்ணுக்குத் தெரியாத அளவு தேய்த்துக்கொண்டே இருக்கும்.

அப்படித் தேய்ந்ததன் விளைவைத்தான் ஆட்டம் என்கிறோம்: அலகு திறந்து நிற்கும்போது பக்கவாட்டில் அசைவது. மூட்டில் வந்த இடைவெளி சிறிதாக இருந்தாலும் நுனியில் அது பெருகித் தெரியும். அலகைப் பக்கத்தில் தாங்கும் வளையம் 8 மி.மீ. அகலமும் அலகு 64 மி.மீ. நீளமும் இருந்தால், மூட்டில் 0.05 மி.மீ. இடைவெளி நுனியில் எட்டு மடங்காகி 0.4 மி.மீ. ஆகும். ஆகவே நுனியில் உணரும் சிறு ஆட்டத்தைக் கண்டு கருவி முடிந்துவிட்டது என்று அஞ்ச வேண்டியதில்லை. அது மாதாமாதம் கூடிக்கொண்டே போகிறதா என்பதைக் கவனித்தால் போதும். ஆணிக்குப் பதில் திருகு வைத்த கருவியில் அதைச் சிறிது முடுக்கலாம். அடித்து இறுக்கிய ஆணியில் அந்த வழி இல்லை. மாறாக, அது தானாகத் தளர்ந்துபோகும் அபாயமும் குறைவு.

இதற்கு மருந்து எளியது. வெதுவெதுப்பான நீரில் சிறிது சோப்பு கலந்து, கருவியை அதில் மூழ்கவைத்து, ஒவ்வோர் அலகையும் இருபது முப்பது முறை திறந்து மூடினால் நீர் முதலில் சாம்பல் நிறமாகி, பிறகு பஞ்சுப் பிசிறுகள் மிதக்கத் தொடங்கும். நன்கு அலசிக் காயவைத்து, ஒவ்வொரு மூட்டிலும் மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட வேண்டும். விட்டபின் அலகை அசைத்தால் மூட்டோரத்தில் மை போன்ற கறுப்புக் கசிவு வரும். தேய்ந்த உலோகத்தின் பொடியே அந்தக் கறுப்பு. கசிவு தெளிவாக வரும்வரை துடைத்துவிட்டு மீண்டும் ஒரு சொட்டு விடலாம். சமையல் எண்ணெயைப் பயன்படுத்தினால் அது நாளடைவில் காற்றோடு வினைபுரிந்து பிசினாகி, மூட்டை இறுக்கிவிடும்.

சுருக்கமாக: மூட்டைத் தேய்ப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த துகள், கழுவலும் ஒரு சொட்டு எண்ணெயும் வேறெந்தத் தர உயர்வையும்விட அதிக ஆயுளைத் தருகின்றன.

## கருவிகள் கூடக் கூட

நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாக வேலை செய்யும் பத்துப் பாகங்கள் உள்ள ஒரு பொருளில், பத்தும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 90. பாகங்கள் இருபதானால் அது 82 ஆகக் குறையும். இந்தக் கணக்கைக் காட்டி, கருவிகள் கூடினால் நம்பகம் குறையும் என்று சிலர் சொல்கிறார்கள். அது பாதி சரி. கத்தி வேண்டும்போது ரம்பம் சிக்கிக்கிடந்தால் நமக்குக் கவலை இல்லை; ஒரு வேலைக்கு ஓர் அலகு மட்டுமே தேவை. ஆனால் எல்லா அலகுகளும் பகிர்ந்துகொள்ளும் பாகங்கள் உண்டு: அதே ஆணி, அதே முதுகு ஸ்பிரிங், அதே பிடி. ஓர் ஆணியில் அலகுகளை அடுக்க அடுக்க ஆணி நீளமாகிறது, அடுக்கின் மொத்த இடைவெளி கூடுகிறது, பிசிறு ஒளிந்துகொள்ளும் இடமும் பெருகுகிறது. இருபது கருவிகளில் நீங்கள் தொடுவது ஐந்து மட்டுமே என்றால், மீதிப் பதினைந்தும் அந்த ஐந்தின் மூட்டுக்குச் சுமைதான்.

## உத்தரவாத அட்டை எதைச் சொல்கிறது?

லெதர்மேன் 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. விக்டோரினாக்ஸ் தன் கத்திகளின் பொருள் குறைக்கும் செய்நேர்த்திக் குறைக்கும் வாழ்நாள் உத்தரவாதம் தருகிறது. இவை மதிப்புள்ள வாக்குறுதிகள். ஆயினும் 25 ஆண்டு உத்தரவாதம் என்பதை 25 ஆண்டு உடையாது என்று படிக்கக் கூடாது. குறை தெரிந்தால் பழுது பார்ப்போம் அல்லது மாற்றித் தருவோம் என்பதே அதன் பொருள். இயல்பான தேய்மானமும் தவறான பயன்பாடும் அதில் அடங்குவதில்லை. உத்தரவாதம் உங்கள் பணத்தைக் காக்கிறது. வெளியூரில் இருட்டில் நிற்கும்போது திறக்காத அலகை அது திறந்துவிடாது.

## கையிலிருக்கும் கருவியை ஐந்து நிமிடம் பாருங்கள்

புதிதாக வாங்குவதற்கு முன்னும், பழையதை நம்பி எடுத்துச் செல்வதற்கு முன்னும் செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. குறட்டை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். மூக்கு நுனிகள் ஒன்றையொன்று தொட்டு, வெட்டும் விளிம்புகளுக்கு நடுவே பிறைவடிவ ஒளிக்கீற்று தெரியாமல் இருக்க வேண்டும். ஒரு தாளின் ஓரத்தை வெட்டும் பகுதியில் வைத்து அழுத்தினால் அது துண்டாக வேண்டும். மடங்கினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது அல்லது ஆணி தளர்ந்திருக்கிறது. பிறகு அலகுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பக்கவாட்டில் பிடித்து மெதுவாக அசையுங்கள். எந்த அலகு மற்றவற்றைவிட அதிகம் ஆடுகிறதோ அதன் மூட்டை முதலில் கழுவுங்கள்.

கடைசியாகப் பூட்டு. அலகை முழுதாகத் திறந்து, பூட்டு நாக்கு அலகின் அடியில் எவ்வளவு தூரம் உள்ளே வந்து நிற்கிறது என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். ஓரத்தை மட்டும் தொட்டு நின்றால், மடிக்கும் பாதையில் விரல் எதுவும் இல்லாதபடி பிடித்துக்கொண்டு மூடி, குண்டூசியால் அந்த இடுக்கைச் சுரண்டி, மீண்டும் திறந்து பாருங்கள். பல வேளைகளில் வெளியே வருவது சட்டைப் பையின் ஒரு சிறு நூற்பிசிறாக இருக்கும். அடுத்த முறை திறக்கும்போது நாக்கு அலகின் அடியை முழு அகலத்துக்கும் பிடித்து நிற்கும்.